ஏழு வார்த்தைகளையும் இயேசுவே சொன்னாரா?

வந்த கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் சிலுவையின் ஏழு வார்த்தைகளையும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த ஒருவர், "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்ற முதல் வார்த்தை பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லவே இல்லை, பிற்காலத்தில் யாரோ சேர்த்தது என்று ஒரு காணொளியில் பார்த்திருக்கிறார். அது உண்மையா, உண்மை என்றால் மற்ற ஆறு வார்த்தைகளை எப்படி நம்புவது, அறிஞர்கள் எதை வைத்து இதையெல்லாம் முடிவு செய்கிறார்கள் என்று கேட்கிறார். அடுத்த வருஷம் அந்த முதல் வார்த்தையில் செய்தி கொடுக்க அவரையே கேட்டிருக்கிறார்களாம். கொடுக்கலாமா என்பதும் கேள்வியில் இருக்கிறது.

காணொளியில் சொன்னது பாதி உண்மை. மிகப் பழைய சில பிரதிகளில் அந்த வாக்கியம் இல்லை, ஆனால் ஏறக்குறைய அதே பழமையுள்ள வேறு சாட்சிகளில் இருக்கிறது. அதனால் "இல்லவே இல்லை" என்பது தவறு. அதைவிடப் பெரிய தவறு, அங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருப்பது. லூக்கா தன் சுவிசேஷத்தில் இந்த வாக்கியத்தை எழுதினாரா என்பது ஒரு கேள்வி. இயேசு அதைச் சொன்னாரா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கையெழுத்துப் பிரதிகளை எடுத்து மேசைமேல் பரப்பிவைத்துப் பதில் தேடலாம். இரண்டாவது கேள்விக்கு எந்தப் பிரதியும் பதில் சொல்லாது, ஏனென்றால் லூக்காவின் சொந்தக் கையெழுத்தே கிடைத்தாலும், அது லூக்கா என்ன எழுதினார் என்பதைத்தான் காட்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் இந்த விவாதத்தில் பாதிச் சத்தம் அடங்கிவிடும். பல வருஷங்களாக இதைப் படித்துவருகிற எனக்கு, வேறு எதையும்விட இதைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது.

சரி, முதல் கேள்வி. லூக்கா 23:34இன் முன்பாதி எங்கே இல்லை என்று பார்ப்போம். பாப்பிரஸ் (நாணல் தாள்) 75 என்று எண் கொடுத்திருக்கும் பிரதியில் இல்லை. அது மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள், 1961இல்தான் அச்சில் வெளியானது, அதாவது நம் பழைய தமிழ்த் திருப்புதலைச் செய்தவர்கள் அதைப் பார்த்திருக்கவே முடியாது. நான்காம் நூற்றாண்டு வத்திக்கான் பிரதியிலும் இல்லை. கேம்பிரிட்ஜில் இருக்கும் பேசா பிரதியில் முதலில் எழுதியவர் அதை எழுதவில்லை, பின்னால் வந்த ஒருவர் சேர்த்திருக்கிறார். சீனாய் மலையில் கிடைத்த பழைய சீரியப் பிரதியிலும் இல்லை. பாப்பிரஸ் 75ம் வத்திக்கான் பிரதியும் நெருங்கிய உறவு, ஒரே குடும்பம் என்றே சொல்லலாம், அதனால் அவற்றை இரண்டு சாட்சியாக எண்ணக்கூடாது. ஆனால் பேசா பிரதி முற்றிலும் வேறு கிளையில் வருவது, அதிலும் இல்லை என்பதுதான் இந்தப் பக்கத்துக்கு வலு.

இருக்கிற இடங்கள்: நான்காம் நூற்றாண்டுச் சீனாய்ப் பிரதி (மேலே சொன்ன சீரியப் பிரதி அல்ல, இது கிரேக்கப் பிரதி), ஐந்தாம் நூற்றாண்டு அலெக்சாந்திரியப் பிரதி, பிற்காலத்துப் பிரதிகளில் மிகப் பெரும்பாலானவை. அப்புறம், இதுதான் முக்கியம், சுமார் 180இல் எழுதிய ஆயர் ஐரேனியுஸ் இந்த வார்த்தையை இயேசு சிலுவையில் சொன்னதாகவே எடுத்துப் பேசுகிறார். அவர் கையில் இருந்த லூக்கா, நமக்குக் கிடைத்திருக்கும் எந்த லூக்கா பிரதியையும்விடப் பழையதாக இருந்திருக்கும்.

சீனாய்ப் பிரதியின் படங்கள் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கிரேக்கம் தெரிய வேண்டியதில்லை. முதலில் எழுதியவர் இந்த வாக்கியத்தை எழுதியிருக்கிறார். பின்னால் ஒரு திருத்துநர் வந்து, இது இங்கே இருக்கக்கூடாது என்று அடைப்புக்குறி போட்டிருக்கிறார். அவருக்கும் பின்னால் இன்னொருவர் வந்து அந்த அடைப்புக்குறியை அழித்திருக்கிறார். ஒரே தோல் பக்கத்தில், ஒரே வாக்கியத்தின்மேல், மூன்று பேருடைய கை. இன்றைக்கு நாம் நடத்துகிற விவாதத்தை அவர்கள் அன்றைக்கே மையால் நடத்தி முடித்திருக்கிறார்கள். அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, ஏனென்றால் அவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, தங்களுக்கு முன்னால் இருந்த மூலத்துக்கு உண்மையாக இருக்க முயன்றவர்கள்.

பிரதிகள் இப்படி இரண்டாகப் பிரிந்து நிற்கும்போது, எது எப்படி நடந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும். யாராவது சேர்த்திருந்தால் ஏன் சேர்த்தார்கள்? நீக்கியிருந்தால் ஏன் நீக்கினார்கள்? சேர்த்தார்கள் என்பவர்கள் கேட்பது நியாயமான கேள்வி: இவ்வளவு அருமையான ஒரு ஜெபத்தை எந்தக் கிறிஸ்தவன் மனமறிந்து வெட்டி எறிவான்? அப்போஸ்தலர் 7:60இல் ஸ்தேவான் கல்லடி பட்டுச் சாகும்போது "ஆண்டவரே, இவர்கள்மேல் இந்தப் பாவத்தைச் சுமத்தாதிரும்" என்கிறார், சீஷனே இப்படி ஜெபித்தால் குரு ஜெபிக்காமலா இருந்திருப்பார் என்று யாரோ ஒருவர் இங்கே சேர்த்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். இயேசுவின் சகோதரர் யாக்கோபு கொல்லப்பட்டபோது ஏறக்குறைய இதே வார்த்தைகளைச் சொன்னதாக இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் எகெசிப்புஸ் எழுதியதை, சபை வரலாறு எழுதிய யூசேபியுஸ் எடுத்து வைத்திருக்கிறார், ஆக இது இரத்தசாட்சிகளின் ஜெபமாகத் தனியே புழங்கிக்கொண்டிருந்தது, பிறகு இயேசுவின் வாயில் வந்து சேர்ந்தது என்றும் சொல்வார்கள்.

நீக்கினார்கள் என்பவர்களின் பதில் எனக்கு இன்னும் வலுவாகப் படுகிறது. கி.பி. 70இல் எருசலேம் இடிந்தது. இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் பலர் அதை, இயேசுவைக் கொன்றதற்காக யூதருக்குக் கிடைத்த தண்டனை என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். அப்படி நம்புகிற ஒருவன் இந்த வசனத்தைப் பிரதியெடுக்க உட்காருகிறான். "இவர்களை மன்னியும்" என்று குமாரன் கேட்டிருக்கிறார், பிதா மன்னிக்கவில்லையே! அப்படியானால் ஜெபம் கேட்கப்படவில்லையா, அல்லது யூதரை மன்னிக்கத்தான் வேண்டுமா? இரண்டுமே அவனுக்கு இடித்திருக்கும். விட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அமெரிக்கப் புதிய ஏற்பாட்டு அறிஞர் பார்ட் எர்மன் இந்தப் பக்கம்தான் நிற்கிறார். கிறிஸ்தவ நம்பிக்கையைக் கைவிட்டவர், வேதத்தில் எதெல்லாம் பிற்சேர்க்கை என்று காட்டுவதில் பேர்பெற்றவர், அவரே இந்த வாக்கியம் லூக்கா எழுதியது, பிறகு சிலர் நீக்கினார்கள் என்கிறார். காணொளிக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

லூக்காவின் நடையும் இதையே காட்டுகிறது. "அறியாமல் செய்தார்கள்" என்பது லூக்காவுக்கே உரிய பேச்சு. அவர் எழுதிய அப்போஸ்தலர் நடபடிகளில் 3:17இல் பேதுரு, "நீங்களும் உங்கள் அதிகாரிகளும் அறியாமையினாலே இதைச் செய்தீர்கள்" என்கிறார். 13:27இல் பவுலும் அதே திசையில் பேசுகிறார். ஸ்தேவானின் ஜெபத்தைப் பார்த்து ஒருவன் இங்கே சேர்த்திருந்தால் ஸ்தேவானின் சொற்களையே எடுத்திருப்பான். ஆனால் இரண்டு ஜெபத்திலும் கருத்து ஒன்றாக இருக்கிறதே தவிரச் சொற்கள் வேறு. ஆகவே லூக்கா எழுதியதுதான் என்று நான் நினைக்கிறேன். பெரும் சான்று இல்லை, தராசு ஒரு பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான். அறிஞர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நெஸ்லே-ஆலண்ட் கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்பு இன்றைக்கும் இதை இரட்டை அடைப்புக்குறிக்குள்தான் அச்சிடுகிறது. அதாவது லூக்கா எழுதியதல்ல என்பது அவர்கள் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்புக்குப் பதிப்புக்குழுவின் சார்பில் புரூஸ் மெட்ஸ்கர் எழுதிய விளக்கத்தைப் பார்த்தால் நான் முதலில் சொன்ன வேறுபாடு பளிச்சென்று தெரியும். இது லூக்காவின் மூலத்தில் இருந்திருக்காது என்கிறது குழு. ஆனால் இயேசுவிடமிருந்தே வந்தது என்பதற்கான அடையாளம் இதன்மேலேயே இருக்கிறது, அதனால்தான் நீக்காமல் அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறோம் என்றும் அதே குழுவே சொல்கிறது. லூக்கா எழுதவில்லை, ஆனால் இயேசு சொல்லியிருக்கலாம். இதற்கு நேர் எதிராக, லூக்கா எழுதினார், ஆனால் இயேசு சொல்லவில்லை என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கேள்விகள் வேறுவேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

(இந்த இடத்தில் "உங்களில் பாவமில்லாதவன் முதலாவது கல்லெறியக்கடவன்" என்ற யோவான் 8ஆம் அதிகாரக் கதையையும் சேர்த்துக் கட்டுவார்கள். அது வேறு விஷயம். பாப்பிரஸ் 66, 75, சீனாய், வத்திக்கான் எதிலும் அது இல்லை. சில பிரதிகளில் அது யோவானில் இல்லாமல் லூக்கா 21ஆம் அதிகாரத்தின் முடிவில் போய் உட்கார்ந்திருக்கிறது. யோவான் எழுதியதல்ல என்பதில் அறிஞர்களிடையே ஏறக்குறைய ஒருமித்த கருத்து உண்டு. லூக்கா 23:34க்கு அப்படி ஒருமித்த கருத்து கிடையாது.)

இனி இரண்டாவது கேள்வி, கடினமானது. இயேசு சொன்னாரா?

ஏழு வார்த்தைகள் என்று நாம் ஒரே மூச்சில் சொல்கிறோம், ஆனால் எந்தச் சுவிசேஷத்திலும் ஏழும் கிடையாது. மாற்குவிலும் மத்தேயுவிலும் ஒன்றே ஒன்று, "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்". லூக்காவில் மூன்று: மன்னியும், "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்", "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்". யோவானில் வேறு மூன்று: தாயையும் சீஷனையும் ஒருவரிடம் ஒருவரை ஒப்படைப்பது, "தாகமாயிருக்கிறேன்", "முடிந்தது". ஒருவர் சொன்ன மூன்று இன்னொருவரிடம் இல்லை. இவற்றை வரிசையாக அடுக்கி ஏழாக்கியது பிற்காலப் பக்தி. சிறுவயதில் ஆராதனை முடிந்து கோவில் வளாகத்தில் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும்போது விரல்விட்டு ஏழையும் எண்ணிச் சொல்லிப் பார்ப்போம். நான்கு புத்தகங்களைத் தனித்தனியாக வைத்துப் படித்தபோதுதான், நான் எண்ணியது எந்த ஒரு சுவிசேஷகரும் எழுதாத ஒரு பட்டியல் என்று தெரிந்தது.

இதில் வரலாற்று ஆய்வாளர்கள் அதிகம் மல்லுக்கட்டுவது "எலோயீ! எலோயீ! லாமா சபக்தானி" என்பதைப் பற்றித்தான். இயேசு பேசியது அராமிக். சுவிசேஷங்கள் எழுதப்பட்டது கிரேக்கத்தில். மாற்கு எழுதப்பட்டது சுமார் 70ஐ ஒட்டி, அதாவது இயேசு இறந்து ஏறத்தாழ 40 வருஷம் கழித்து. ஆகவே நம் கையில் இருக்கிற இயேசுவின் சொற்கள் ஏறக்குறைய எல்லாமே மொழிபெயர்ப்புதான். இங்கேயோ மாற்கு, வேறு சில இடங்களில் செய்வதுபோலவே, கிரேக்கத்தை நிறுத்திவிட்டு அராமிக் ஒலியை அப்படியே எழுதி, கீழே அர்த்தமும் கொடுக்கிறார். சபக்தானி என்பது அராமிக் வினைச்சொல், எபிரெயச் சங்கீதத்தில் இருக்கும் சொல் வேறு.

அடுத்து, இந்தக் கூக்குரல் ஆதிச் சபைக்குச் சங்கடமாக இருந்தது. தேவகுமாரன், தேவன் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று கதறுகிறார். இதை யார் கற்பனை செய்து எழுதுவார்கள்? லூக்கா மாற்குவை முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதினார் என்பது பெரும்பான்மைக் கருத்து, அவர் இந்த வார்த்தையை எடுக்கவே இல்லை. மாற்கு 15:37இல் இயேசு சொல் ஏதுமின்றி மகா சத்தமிட்டு ஜீவனை விடுகிறார். லூக்கா அதே இடத்தில் அந்தச் சத்தத்துக்குச் சொற்களைக் கொடுக்கிறார், சங்கீதம் 31:5லிருந்து, "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்". பேசா பிரதியை எழுதியவருக்கும் சங்கடம், மாற்குவில் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது அங்கே "ஏன் என்னை நிந்தித்தீர்" என்று மாறியிருக்கிறது. பேதுரு சுவிசேஷம் என்று ஒரு நூல் உண்டு, நியமனத்தில் சேராதது, அதில் இயேசு "என் வல்லமையே, என்னைக் கைவிட்டாயே" என்கிறார். ஆளாளுக்கு மாற்றிப் பார்க்கிறார்கள் என்றால், மாற்ற வேண்டிய ஒன்று முன்பே அசையாமல் இருந்திருக்கிறது என்று அர்த்தம். இதைத்தான் சங்கட அளவுகோல் என்கிறார்கள்: சொல்கிறவனுக்கே இடைஞ்சலான ஒன்றை அவன் கட்டிச் சொல்லியிருக்க மாட்டான்.

ஆனால் இந்த அளவுகோல் இங்கேயே இடறுகிறது. அது சங்கீதம் 22இன் முதல் வரி. மாற்குவின் சிலுவைக் காட்சி முழுவதுமே அந்தச் சங்கீதத்தின் நூலால் நெய்ததுபோல இருக்கிறது, வஸ்திரத்துக்குச் சீட்டுப்போடுவது, வழிப்போக்கர்கள் தலையைத் துலுக்குவது எல்லாம் அதிலிருந்து வருபவை. வரலாற்று இயேசுவை ஆராய்ந்த ஜான் டொமினிக் கிராசன் இதை நேராகவே சொன்னார்: நடந்ததை நினைவில் வைத்து எழுதியது அல்ல இது, வேதவாக்கியத்திலிருந்து நடந்ததாகக் கட்டியது. சீஷர்கள் ஓடிவிட்டார்கள், பெண்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள் என்று மாற்குவே சொல்கிறார், அப்படியானால் யார் காதில் விழுந்தது? ரேமண்ட் பிரவுன் என்ற கத்தோலிக்கக் குருவானவர் 1994இல் இயேசுவின் மரணத்தைப் பற்றி மட்டும் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதி, வேதவாக்கியம் கதையை வடிவமைத்திருக்கிறது, ஆனால் அடியில் ஒரு நினைவு இருக்கிறது என்று எதிர்ப்பக்கம் நின்றார். அவர் பக்கத்துக்கு எனக்குப் பெரிதாகப் படுகிற ஒரு சின்ன வரி மாற்கு 15:21. சிலுவையைச் சுமந்த சிரேனே ஊரானாகிய சீமோனை "அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பன்" என்று அறிமுகம் செய்கிறார் மாற்கு. பிள்ளைகள் பெயரைச் சொல்லி அப்பாவை அடையாளம் காட்டுவது எப்போது? கேட்கிறவர்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரிந்திருக்கும்போது. ஆக, சிலுவைக்கு மிக அருகில் நின்ற ஒருவரின் வீட்டோடு மாற்குவின் வாசகர்களுக்குத் தொடர்பு இருந்திருக்கிறது.

என் கணிப்பு என்று கேட்டால், ஏழில் வரலாற்று அடித்தளம் அதிகம் இருப்பது இதற்குத்தான். சாகும் யூதன் ஒருவன் சங்கீதத்தைச் சொல்லிக் கதறுவதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. சங்கீதம் என்பதாலேயே பொய் என்று சொல்வது, நம் ஊரில் ஒரு பாட்டி சாகும்போது மனப்பாடமான சங்கீதத்தை முணுமுணுத்தார் என்றால் அதை நம்ப மாட்டேன் என்பதுபோல.

யோவானின் மூன்றைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். யோவானில் இயேசு பேசும் நடையும் மற்ற மூன்றில் பேசும் நடையும் எவ்வளவு வேறு என்பது படிக்கிற யாருக்கும் தெரியும். மற்ற மூன்றில் குறுகிய வாக்கியம், உவமை, அடுப்பங்கரையிலும் வயலிலும் இருந்து எடுத்த உதாரணம். யோவானில் நீண்ட பேருரைகள், அதுவும் யோவான் தானே எழுதுகிற நடையிலேயே. "முடிந்தது" என்பது அந்தச் சுவிசேஷத்தின் முழு இறையியலையும் கிரேக்கத்தில் ஒரே சொல்லில் அடக்குகிறது, அது யோவானின் முத்திரை. "தாகமாயிருக்கிறேன்" என்பதை, வேதவாக்கியம் நிறைவேறத்தக்கதாகச் சொன்னார் என்று அவரே விளக்கிவிடுகிறார். சிலுவையில் தொங்கும் மனிதனுக்குத் தாகம் எடுத்திருக்கும் என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை, ஆனால் அந்த வாக்கியத்தை அந்த இடத்தில் வைத்தது யோவானின் கை.

அளவுகோல்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மன் அறிஞர் புல்ட்மனின் மாணவர் எர்ன்ஸ்ட் கேசமன் 1953இல் ஆற்றிய ஒரு சொற்பொழிவிலிருந்து வரலாற்று இயேசுவைத் தேடும் வேட்டை புதிதாகத் தொடங்கியது. அவர் முன்வைத்த முக்கிய அளவுகோல், அன்றைய யூத மதத்திலிருந்தும் வராமல் பிற்காலச் சபையிலிருந்தும் வராமல் ஒரு சொல் தனித்து நின்றால் அது இயேசுவினுடையதாக இருக்கும் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தச் சல்லடையில் சலித்தால் கிடைக்கிற இயேசு, தன் சொந்த ஜனத்தோடும் ஒட்டாதவர், தன் சீஷர்களையும் பாதிக்காதவர்! அப்படி ஒரு மனிதன் உலகத்தில் இருக்க முடியுமா? பிரிட்டிஷ் அறிஞர் மார்னா ஹூக்கர் 1970களின் தொடக்கத்திலேயே இதை எடுத்துக் காட்டிவிட்டார், கருவியே தவறு என்று.

அதற்குப் பிறகும் கருவியை விடவில்லை. 1985இல் அமெரிக்காவில் ராபர்ட் ஃபங்க் கூட்டிய ஜீசஸ் செமினார் என்ற குழு, இயேசு சொன்னதாக இருக்கும் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து விவாதித்து, கடைசியில் நிறமணிகளைப் பெட்டியில் போட்டு வாக்களித்தது. சிவப்பு என்றால் இயேசு சொன்னார், இளஞ்சிவப்பு என்றால் இதுபோல ஏதோ சொல்லியிருப்பார், சாம்பல் என்றால் கருத்து மட்டும் நெருக்கம், கறுப்பு என்றால் சொல்லவில்லை. 1993இல் முடிவுகள் வெளிவந்தன, சுமார் 18 சதவீதம்தான் இயேசுவினுடையது என்று. மாற்குவில் சிவப்பு பெற்றது ஒன்றே ஒன்று, "இராயனுடையதை இராயனுக்கும்". யோவானில் ஒன்றுகூட இல்லை. சிலுவை வார்த்தைகள் ஏழில் ஒன்றுக்கும் சிவப்பு கிடைக்கவில்லை. காணொளிகளில் "அறிஞர்கள் சொல்கிறார்கள்" என்று வருகிற 18 சதவீதம் இங்கிருந்துதான் வருகிறது. அந்த எண் எப்படி வந்தது என்பதற்கு ஓர் உதாரணம்: மத்தேயு 21இல் வரும் இரண்டு குமாரர் உவமைக்கு 58 சதவீதம் பேர் சிவப்போ இளஞ்சிவப்போ போட்டார்கள். ஆனால் அவர்கள் பெரும்பான்மையைப் பார்க்கவில்லை, சிவப்புக்கு 3, கறுப்புக்கு 0 என்று மதிப்பெண் போட்டுச் சராசரி எடுத்தார்கள். எதிர்த்தவர்களின் வாக்குகள் சராசரியை இழுத்துவிட, அந்த உவமை சாம்பலில் போய் விழுந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்றது, புத்தகத்தைத் திறக்கிற வாசகனுக்குச் சந்தேகத்துக்குரியதாகவே தெரியும். உழைப்பில் குறை சொல்ல மாட்டேன், ஆனால் இறந்தகாலத்தில் நடந்ததை வாக்கெடுப்பின் சராசரி தீர்மானிக்காது.

அதே அளவுகோல்களை மிகக் கவனமாகக் கையாண்டவர் அமெரிக்கக் கத்தோலிக்கக் குருவானவரான ஜான் மேயர். ஒரு கத்தோலிக்கர், ஒரு புராட்டஸ்டன்ட், ஒரு யூதர், கடவுள் உண்டா இல்லையா என்று தெரியாது என்கிற ஒருவர், இந்த நான்கு பேரையும் நூலக நிலவறையில் பூட்டிவைத்து, எல்லோரும் ஒத்துக்கொள்கிற ஓர் அறிக்கை வந்தால்தான் வெளியே விடுவேன் என்றால் என்ன எழுதுவார்கள், அதைத்தான் தேடுகிறேன் என்று 1991இல் தொடங்கினார். 2016இல் ஐந்தாம் தொகுதியில் உவமைகளுக்கு வந்தபோது நான்கே நான்கு உவமைகள்தான் தேறின. நல்ல சமாரியன் லூக்கா இயற்றியது என்றார். கருவியை நேர்மையாகப் பிடித்தவருக்கே கையில் இவ்வளவுதான் மிஞ்சியது என்றபோது பலருக்குக் கருவியின்மேலேயே சந்தேகம் வந்தது.

அப்படியானால் ஆதிச் சபையார் இஷ்டத்துக்குக் கட்டிவிட்டார்களா? அதற்கு எதிரான மிக வலுவான சான்று சுவிசேஷத்தில் இல்லை, பவுலிடம் இருக்கிறது. சுவிசேஷங்களுக்கு முன்பே, 50களில் எழுதிய 1 கொரிந்தியர் 7இல், விவாகரத்தைப் பற்றிப் பேசும்போது "நான் அல்ல, கர்த்தரே கட்டளையிடுகிறதாவது" என்கிறார். இரண்டு வசனம் தாண்டி, அவிசுவாசியான துணையைப் பற்றிப் பேசும்போது "கர்த்தர் அல்ல, நானே சொல்லுகிறதாவது" என்கிறார். யோசித்துப் பாருங்கள். அந்த இடத்தில் இயேசுவின் பெயரில் ஒரு வாக்கியத்தைக் கட்டிவிட்டிருந்தால் அவருக்கு எவ்வளவு வசதி! சபையில் வாக்குவாதமே முடிந்திருக்கும். அவர் செய்யவில்லை. இயேசு சொன்னதற்கும் தான் சொல்வதற்கும் நடுவே கோடு போட்டுக் காட்டுகிறார்.

அதே விவாகரத்துச் சொல் எப்படிப் பயணம் செய்தது என்பதையும் பார்த்தால் முழுப் படமும் கிடைக்கும். மாற்கு 10இல் தடை முழுமையானது, கூடவே மனைவி கணவனைத் தள்ளிவிடுவதும் பேசப்படுகிறது, அது ரோமச் சட்டம் நடக்கிற ஊரில்தான் அதிகம் பொருந்தும். லூக்கா 16:18இல் கணவன் பக்கம் மட்டும். மத்தேயு 5லும் 19லும் "வேசித்தனத்தினிமித்தமேயன்றி" என்று ஒரு விலக்கு நுழைகிறது. நடு எலும்பு எல்லா இடத்திலும் ஒன்று, அந்தந்தச் சபையின் தேவைக்கு ஏற்பச் சதை கூடிக் குறைந்திருக்கிறது. இயேசு சொன்னார், சபை அதைக் காத்தது, காத்தபோதே தன் ஊருக்குப் பொருத்திக்கொண்டது. மூன்றும் ஒரே நேரத்தில் உண்மை.

அதனால்தான் புதிய ஏற்பாட்டு அறிஞர் டேல் அலிசன் 2010இல் எழுதிய நூலில் எடுத்த வழி எனக்குப் பிடிக்கிறது. மனித நினைவு சொல்லுக்குச் சொல் காப்பதில் மோசம், சாரத்தைக் காப்பதில் நல்லது. ஆகவே தனி வாக்கியம் ஒன்றைப் பிடித்து இது உண்மையா என்று உலுக்குவதைவிட, பல வேறு மூலங்களில் திரும்பத் திரும்ப வருவது என்ன என்று பாருங்கள் என்கிறார். திரும்பத் திரும்ப வந்தும் அது தவறு என்றால், பிறகு நமக்கு இயேசுவைப் பற்றி எதுவுமே தெரியாது என்றுதான் ஆகும்.

இதை வைத்து உங்கள் முதல் வார்த்தைக்குத் திரும்புவோம். மத்தேயு 5:44லும் லூக்கா 6:27-28லும் சத்துருக்களைச் சிநேகியுங்கள், துன்பப்படுத்துகிறவர்களுக்காக ஜெபம்பண்ணுங்கள். மாற்கு 11:25இல் நின்று ஜெபம்பண்ணும்போது மன்னியுங்கள். பரமண்டல ஜெபத்தில் எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல. ரோமர் 12:14இல் துன்பப்படுத்துகிறவர்களை ஆசீர்வதியுங்கள். அப்புறம் ஸ்தேவான், யாக்கோபு, சாகும்போதும் அதே ஜெபம். வேறுவேறு கைகள், வேறுவேறு ஊர்கள், ஒரே குரல். பகைவனுக்காக ஜெபிக்கச் சொன்ன ஒருவர் இருந்தார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அவர் கொல்கொதாவில் அந்த நிமிஷத்தில் அந்த வாக்கியத்தைச் சொன்னதாக லூக்கா எழுதியிருக்கிறார் என்பது என் கணிப்பு. அதற்கு மேல் வரலாற்று ஆய்வு கை நீட்டாது, விசுவாசி அதற்கு மேல் போனால் அது அவருடைய விசுவாசம், ஆய்வின் பெயரால் யாரும் அதைத் தடுக்க முடியாது.

செய்தி கொடுங்கள். பிரதி விஷயத்தை மறைக்க வேண்டாம், இரண்டு நிமிஷம் போதும் சொல்ல. சீனாய்ப் பிரதியில் போட்ட அடைப்புக்குறியையும் அதை அழித்த கையையும் பற்றிச் சொல்லுங்கள், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமாருக்குக்கூடப் புரியும். எருசலேம் இடிந்த பிறகு இந்த ஜெபத்தைப் படிக்கவே சிலருக்குக் கசந்திருக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். இந்த வசனத்தை வைத்துக்கொண்டே நூற்றாண்டுகளாக யூதர்களை வெறுத்த சபைகள் இருந்தன, அவர்கள் கையிலும் இதே லூக்கா இருந்தது. அப்புறம் அப்போஸ்தலர் 3:17ஐயும் 7:60ஐயும் பக்கத்தில் வைத்து லூக்கா 23ஐ மெதுவாக ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.